கிழக்குக் குடாவைக் கேட்ட வாத்தியார்

ஜூலை 9

அன்புள்ள டெல்மா அக்காவுக்கு, நொரீன் எழுதுவது.

ஊசி குத்திய கையில் வீக்கம் வடிந்ததா? இங்கே ஃபோன் டவர் இன்னும் படுத்தே கிடக்கிறது. கிளினிக் நர்ஸ் டார்வின் நகரத்துக்கு வருவதால் அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மெல்பர்னிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கியிருக்கிறார்கள். இரண்டு வாரம் நம் பிள்ளைகளோடு தங்கி, பூர்வகுடி வாழ்க்கையைப் பழகுவார்களாம். தாழை ஓலை கிழிக்கச் சொன்னால் விரலைக் கிழித்துக்கொள்கிறார்கள். ஒருத்தி சேற்று நண்டைப் பார்த்து அழுதாள். சுட்டுக் கொடுத்ததும் மற்றவர்களுக்கு வைக்காமல் தின்றாள்.

கூட வந்த வாத்தியார்தான் சரியில்லை. பிரெண்டிஸ் என்று பெயர். உன்னைவிடச் சில வயது இளையவர். வெளியாள் வந்தால் வழக்கம்போல உறவுமுறை வைத்து, உனக்குத் தம்பி என்று சொல்லியாயிற்று. ஆனால் தோளில் ஒரு பை. மீன்பிடிக்கப் போனாலும் இறக்கி வைப்பதில்லை. வந்த அன்றே கேட்கிறார், "கிழக்குக் குடாவுக்குப் போகலாமா?"

"அங்கல்லாம் போகக்கூடாது. அது எங்க அக்கா பொறுப்புல இருக்கற இடம், அவங்கதான் அனுமதி தரணும். டார்வின்ல டயாலிசிஸ்ல இருக்காங்க" என்றேன்.

"பழைய மிஷன் வீடுங்க அந்தப் பக்கம்தானே இருந்துச்சு?"

இதை யார் சொன்னது இவருக்கு? என் வீட்டுக்காரர் லயல், "சொரங்கக் கம்பெனிக்குக் கல்லு பொறுக்க வந்திருக்கான். அந்தப் பையத் தூக்கிப் பாத்தாலே தெரிஞ்சிரும்" என்கிறார்.

என்ன செய்யட்டும்?

உன் தங்கை
நொரீன்


ஜூலை 12

நொரீனுக்கு,

கை வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. அதை விடு.

முன்பு கல் தேடி வந்தவனும் முதலில் பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டுதான் திரிந்தான். அடுத்த கோடையில் துளை போடும் இயந்திரம் வந்தது. அவனுக்கும் நீதான் டீ ஊற்றினாய்.

பையைத் திறக்காதே. திருட்டு அவன் பக்கமே இருக்கட்டும், நம் பக்கம் வேண்டாம். கண்ணை மட்டும் எடுக்காதே. மிஷன் வீடுகளைப் பற்றி நீ உளறவில்லை என்றால் லயல் உளறியிருப்பான். நான் இங்கே மெஷினில் கட்டிக் கிடப்பதால் குடா உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று இருவருமே நினைக்க வேண்டாம்.

டெல்மா


ஜூலை 16

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. நாங்கள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

நேற்று பிள்ளைகள் ஃபுட்பால் ஆடும்போது வாத்தியாரைக் காணவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நானும் லயலும் குடாவுக்குப் போனோம். உன்னைக் கேட்காமல் போனேன், கோபித்துக்கொள். சவுக்கு மரத்தடியில் மண்டியிட்டு, கையால் மணலைத் தோண்டிக்கொண்டிருந்தார். லயல் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"என்னய்யா எடுக்குற?"

"எடுக்கல. வைக்க வந்தேன்."

பையில் ஒரு தகர டப்பா. அவர் அம்மாவின் சாம்பல். அவர் அப்பா மிஷனில் எஞ்சின் பார்த்தவராம். வாத்தியாருடைய தங்கை, நடக்கத் தொடங்குவதற்குள் காய்ச்சலில் போன குழந்தை, அங்கேதான் புதைக்கப்பட்டதாம். சாகும்போது அம்மா, "அவகிட்ட என்னக் கொண்டு போ" என்றாளாம்.

"எங்கள ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா முடியாதுன்னுடுவீங்கன்னு பயம்."

"அதுக்காக இத்தன புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு, பழக வந்தோம்னு சொன்னீங்களா?"

தோண்டிய குழியை அவரே மூடினார்.

டப்பா இப்போது பள்ளிக்கூட அலமாரியில் பூட்டியிருக்கிறது. லயல் வாத்தியாரை அடுத்த விமானத்திலேயே ஏற்றச் சொல்கிறார். அப்படி ஒரு குழந்தை உண்மையிலேயே அங்கே இருக்கிறதா அக்கா? எனக்கு யாரும் சொன்னதில்லை.

நொரீன்


ஜூலை 19

நொரீனுக்கு,

இருக்கிறது. பெயர் வேண்டாம், போனவர்கள் பெயரை நாம் சொல்லக்கூடாதே.

நீ அப்போது பிறக்கவில்லை. குழந்தையைப் புதைத்த பிறகு அந்த வெள்ளைக்காரி மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மிஷன் பாதிரியார் கூப்பிட்டும் எழவில்லை. நம் அம்மாவும் மற்றப் பெண்களும் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள், போன உயிர் அமைதியாகட்டும் என்று இலைப் புகை போட்டார்கள். பிறகு குடாவுக்குப் போகும்போதெல்லாம் அந்த மரத்தடியில் எங்களைச் சத்தம் போட விடமாட்டாள் அம்மா.

அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது. எதற்காகக் கூட்டி வந்தான் என்று அந்தப் பிள்ளைகளிடம் அவனே சொல்லட்டும். டப்பாவோடு அனுப்பி வை. தம்பி என்றால் அக்காவிடம் வந்து வாயால் கேட்கட்டும்.

டெல்மா


ஆகஸ்ட் 3

அன்புள்ள என் நொரீனுக்கு,

வந்தான். பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வந்தான். மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

"கேக்காமப் போனது தப்புக்கா. எங்கம்மாவ அங்க வைக்கட்டுமா?"

"யோசிக்கணும்" என்றேன். அடுத்த முறை ரத்தம் சுத்தம் செய்யப் போனபோதும் வாசலில் இருந்தான். அதற்கடுத்த முறையும். பக்கத்துக் கட்டில்காரி, "உன் தம்பிக்குப் போக வேற எடமே இல்லியா?" என்று சிரித்தாள்.

நேற்று சரி என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தை இழுக்காமல், தனியாளாக வர வேண்டும். முதலில் நம் பெண்கள் புகை போட வேண்டும். நான் அங்கே வந்த பிறகுதான் வைக்க வேண்டும்.

"மெஷின விட்டு எப்படி வருவீங்க?" என்று கேட்டான். கையிலிருந்த குழாயைக் காட்டி, "இத எடுத்துட்டுத்தான்" என்றேன். அப்புறம்தான் அவனுக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டரிடம் பேசிவிட்டேன். வெள்ளிக்கிழமையோடு மெஷினை நிறுத்திக்கொள்கிறேன். நீ விமானம் ஏறி இங்கே வந்து வாதாட வேண்டாம். அதற்குப் பதில் நானே விமானம் ஏறி வருகிறேன். ஒரு வாரமோ கொஞ்சம் கூடவோ உன் வீட்டில் இருப்பேன். குடாவுக்கு இனி யார் போவதென்றாலும் உன்னைத்தான் கேட்க வேண்டும். எல்லோரிடமும் இப்போதே சொல்லிவிடு.

அந்த மரத்தடி மண்ணில் நான் முதலில் படுக்கிறேன், பிறகு அவன் அம்மாவை இறக்குங்கள். வீட்டுக்காரி இல்லாத வீட்டுக்குள் அவளை விட எனக்கு மனமில்லை. எனக்குக் கடல் பார்த்த பக்கம் வேண்டும்.

சனிக்கிழமை விமானத் திடலுக்கு லயலை வண்டியோடு வரச் சொல். பின்னால் மெத்தை போட்டுவை.

உன் அக்கா
டெல்மா