நவம் எழுதியது பொய்யல்ல

மவுண்ட் ஆல்பர்ட்,
ஓக்லாந்து, நியூசிலாந்து.
13.11.1988

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

தங்கை ரதி எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே மழை விட்டபாடில்லை, மரவீடு முழுக்க ஈர வாடை. சின்னவளுக்கு மூச்சிழுப்புக் கொஞ்சம் குறைவு. நான் தமிழில் கேட்க அவள் இங்கிலீசில் பதில் சொல்லுகிறாள். அம்மாவின் கடிதம் கொழும்பு வழியாக வந்து சேர்ந்தது. கண்தான் மங்கலாம், மற்றப்படி சுகமாம்.

நீங்கள் தம்பி நவத்துக்கு எழுதிய கடிதமும் வந்தது. படித்துவிட்டு மேசையில் விரித்தபடியே விட்டுப் போனான். நானும் பார்க்கட்டும் என்றுதான் விட்டிருப்பான். எங்கள் ஆட்களின் மானத்தை வெள்ளைக்காரன் பேப்பரில் விற்றவன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சபாரத்தினத்தின் மைத்துனர் லண்டனில் உங்களுக்குச் சொன்ன கதை. என்னிடமும் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

நவம் இங்குள்ள ஒரு வாரப் பேப்பரில் நிருபராக இருந்தது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, காணாமற்போன நாய் எல்லாவற்றையும் பற்றி எழுதுவான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கராஜில் வயலின் சாதகம். மிருதங்கத்துக்குச் சோதிலிங்கம். உரும்பிராய்ப் பொடியன், கல்யாணம் கட்டியவன். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் நவராத்திரி விழாவில் இருவரும் முழுக் கச்சேரி செய்வதாக இருந்தது.

சோதிலிங்கத்துக்குப் புக்கெகோஹி என்கிற ஊரில் வேலை, சபாரத்தினத்தின் வெங்காயக் கொட்டகையில். அந்தச் சபாரத்தினம்தான் எங்கள் சங்கத்துக்கும் தலைவர். முதலாளி கடிதம் கொடுத்தால்தான் சோதிலிங்கத்தின் விசா நீளும், ஊரிலிருக்கும் பெண்சாதியையும் மகளையும் கூப்பிடலாம். ஜூன் மாதம் ஒரு நாள், வெங்காயம் ஓடுகிற இயந்திரப் பட்டியில் அவனுடைய வலது கை அகப்பட்டது. வேலை கெதியாக நடக்கட்டும் என்று மூடியைக் கழற்றி வைத்திருந்தார்களாம். சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. இனி அவன் மிருதங்கத்தைத் தூக்கி வைக்கலாம், வாசிக்க முடியாது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே சபாரத்தினம் சொல்லிக் கொடுத்தாராம்: “வீட்டிலை கார் திருத்தேக்கை பட்டதெண்டு சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

கட்டு அவிழ்க்க முன்னமே சோதிலிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் நீட்டிய தேத்தண்ணியை இடது கையால் வாங்கினான். “நவம், நீ பேப்பரிலைதானே இருக்கிறாய். எழுது. என்ரை பேரைப் போட்டே எழுது,” என்றான். “உன்ரை விசா என்னாகும், யோசிச்சனியோ?” என்று நவம் திருப்பித் திருப்பிக் கேட்டான். “நாளைக்கு இன்னொருத்தன்ரை கை போகும்,” என்றான் அவன். என் காதால் கேட்டது, அண்ணா.

முதல் பக்கத்தில் வந்தது. அந்த வாரமே சபாரத்தினம் சோதிலிங்கத்தின் அறைக்குப் போனார். என்ன கதைத்தார்களோ தெரியாது. அடுத்த திங்கள் சோதிலிங்கம் பேப்பர் கந்தோருக்குப் போய், தான் அப்படி எதுவும் சொல்லவில்லை, கார் திருத்தும்போதுதான் கை போனது, சங்கத்தோடு உள்ள கோபத்தில் நவம் கட்டியெழுதிவிட்டான் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டான். பேப்பர் வருத்தம் தெரிவித்து நாலு வரி போட்டது. நவத்தைச் செய்தியிலிருந்து எடுத்து விளம்பரப் பகுதியில் இருத்தினார்கள். இப்போது அவன் எழுதுவது பழைய கார் விற்பனையும் வாடகை வீடும்.

நான் பேப்பர் கந்தோருக்குப் போய், கேட்டதைக் கேட்டபடி சொல்லுவதற்கு வெளிக்கிட்டேன். என் மனுசன் கார்த் திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சங்கக் கமிட்டியில் இருக்கிறவர் இவர், வேறென்ன செய்வார். ஆனால் நவமும் வாசலில் நின்று மறித்தான். “வேண்டாம் அக்கா. சோதி பொய் சொன்னதெண்டு வந்தால் அவன்ரை விசா போச்சு. பெண்சாதியும் பிள்ளையும் ஊரிலை குண்டுக்கும் செல்லடிக்கும் உள்ளையே கிடக்க வேண்டியதுதான். நான் பொய்யனாவே இருந்திட்டுப் போறன்,” என்றான்.

நீங்கள் மானத்தை விற்றவன் என்று எழுதியது இவனைத்தான்.

நவராத்திரிக் கச்சேரி நடந்தது. வெலிங்டனிலிருந்து யாரோ வந்து வயலின் வாசித்தார்களாம். இவர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போனார். சமூகத்தைக் காட்டிக்கொடுக்கிறவன் கையில் சரஸ்வதி தங்கமாட்டாள் என்று சபாரத்தினம் மேடையில் பேசினாராம், சனம் கைதட்டியதாம். வந்து அதை எனக்குச் சொன்னவரும் இவர்தான். அன்றைக்கு நான் இவருக்குச் சோறு போடவில்லை. நவம் அதற்குப் பிறகு வயலின் பெட்டியைத் திறக்கவில்லை.

சோதிலிங்கத்தின் பெண்சாதியும் மகளும் போன கிழமை வந்து சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமைப் பூசையில் அந்தப் பெண் என்னிடம் வந்து, “என்ரை மனுசனைப் பற்றிப் பேப்பரிலை பொய் எழுதினது உங்கடை தம்பியே?” என்று கேட்டாள். மகள் அவளுடைய சேலையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. ஓம் என்றேன். சோதிலிங்கம் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தான்.

இதையெல்லாம் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மைத்துனரிடம் ஒரு சொல்லும் போகக்கூடாது. அந்தப் பிள்ளை இப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கிறது.

அண்ணா, இங்கே எல்லோரும் சொன்னதையெல்லாம் நவம் தாங்கினான். உங்கள் கடிதத்துக்குப் பிறகு வாய் திறப்பதில்லை. பின்னேரம் ரயிலால் இறங்கினால் வீட்டுக்கு வராமல் ஸ்டேசனில் போட்டிருக்கிற மரவாங்கிலேயே இருக்கிறான். ஒன்றன்பின் ஒன்றாக ரயில்கள் போகப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். இருட்ட முன் நான் போய்க் கூட்டி வருகிறேன். அவன் ஏன் அங்கே இருக்கிறான் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம், அது வந்து சேர நாளெடுக்கும். போன் எடுங்கள். சனிக்கிழமை காலை இவர் வேலைக்குப் போய்விடுவார், நவம் வீட்டில் இருப்பான். நடந்த எதையும் கேட்க வேண்டாம். நீ பொய் எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள். அவன் பேசாவிட்டாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

நல்லூரான் உங்கள் வீட்டாரைக் காக்கட்டும். இங்கே அவனை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னால் ஏலுமட்டும்.

உங்கள் தங்கை,
ரதிதேவி