நல்ல கால் தாண்டிய தூரம்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கொஞ்சம் குறைந்ததுமே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் தம்பியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தீயணைப்பு நிலையத்தில் அவருக்குப் போன் எடுக்கும் வேலைதான். கூட இருப்பவர்கள் "ஆபீசர்" என்று கிண்டல் செய்வார்கள், இவரும் சிரிப்பார். போன மாதம் ஒரு பெண் புகைக்குள்ளிருந்து போன் செய்திருக்கிறாள். வண்டி கிளம்பிவிட்டது, ஈரத்துணியை மூக்கில் வையுங்கள் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். பாதியில் அந்தக் குரல் நின்றுவிட்டது. நம் ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டில் போன் அடித்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார்.

திரும்ப ஏணி ஏற வேண்டுமென்றால் ஒரு பரிசோதனையில் தேற வேண்டும். தரையில் ஒட்டிய பட்டைக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்று, முடிந்த மட்டும் முன்னால் தாண்டி, அதே காலில் ஆடாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு ஆபரேஷன் செய்த கால். இரண்டும் தாண்டிய தூரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் தேறியாச்சு. சின்னவள் இதற்கு "நொண்டிப் பரீட்சை" என்று பெயர் வைத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் புதிதாக வந்த பெண். டேப் வைத்து அளந்துவிட்டு, "பிரமாதம் சார், ரெண்டும் சமமா வருது"ன்னு சந்தோஷப்பட்டாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வீட்டு நடையில் அவர் பழகுவதைத் தினமும் பார்க்கிறேனே! நல்ல காலால் கூடத்திலிருந்து சமையலறை வாசல் வரை ஒரே தாண்டாகத் தாண்டுகிற மனுஷர், அங்கே கையைக்கூட வீசாமல் பொத்தென்று பக்கத்திலேயே இறங்கினார். நல்ல காலை வேண்டுமென்றே குறைவாகத் தாண்டவைத்தால் கெட்ட கால் சமமாகத்தானே தெரியும்?

பஸ்ஸில், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "இன்னொரு தடவை அந்த நாற்காலியில உட்கார்ந்து ஒருத்தர் சாகுறதைக் கேட்க என்னால முடியாது"ன்னு சொன்னார். ஆனால் இந்தக் காலோடு ஏணி ஏறி, தோளில் யாரையாவது தூக்கிக்கொண்டு இறங்கும்போது முட்டி மடங்கிவிட்டால்? போவது ஒரு உயிர் மட்டும் இல்லையே, அண்ணி.

நேற்று அவருக்குத் தெரியாமல் போய் அந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது. இன்னும் அறிக்கையை அனுப்பவில்லையாம். திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டு, பெரிய டாக்டர் முன்னால் மறுபடி தாண்டச் சொல்லப்போகிறார்கள். அந்த நாற்காலியிலிருந்து அவரைக் கொஞ்ச நாளாவது மாற்றச் சொல்லி டாக்டரே எழுதித் தருவாரா என்றும் கேட்டிருக்கிறேன்.

யார் சொன்னது என்று அவருக்குப் புரிந்துவிடும். என்னோடு பேசமாட்டார். பேசாமலே இருக்கட்டும், உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

அம்மா போன பிறகு அவரை வளர்த்தவர் நீங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டு வந்துவிடுங்கள். அவருக்குப் புத்தி எதுவும் சொல்ல வேண்டாம், என் பக்கமும் பேச வேண்டாம். சும்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
தம்பி மனைவி