ஏழாம் பக்கத்து மரமண்டை

ஆகஸ்ட் 18

என்னங்க,

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அதனால் இருந்துவிட்டுப் போகட்டும். போனில் பேசினால் நாம் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறோம், அதற்குக் கடிதமே தேவலை என்று சொன்னது நீங்கள்தான். நான் அக்கா வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. இது நான்காவது கடிதம். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம், எழுத ஒன்றும் இருப்பதில்லை.

நான் நலம். மாடி அறை வசதியாகத்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பல் மருத்துவர். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வருகிறவர்கள் வாசலில் நின்று தங்கள் உதட்டைத் தாங்களே தொட்டுப் பார்ப்பார்கள், அது இருக்கிறதா என்று. நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறேன். வலி ஒன்றும் இல்லை. அக்கா மட்டும் வாரத்துக்கு ஒருமுறை "ஒரு தடவ வாய்விட்டு அழுதுரு" என்கிறாள். மாட்டேன் என்றா சொல்கிறேன், வரவில்லை.

இந்த லட்சணத்தில் என் பிழைப்போ அதே பிழைப்புதான். பிள்ளைகள் கணினியில் படிக்கும் பாடத்தில் எந்த இடத்தில் சிரிப்பு வர வேண்டும், எந்த இடத்தில் பயம் போக வேண்டும் என்று பக்கம் பக்கமாகத் திட்டம் போட்டுக் கொடுக்கிறேன். இப்போது மூன்றாம் வகுப்புப் பின்னப் பாடத்தைத் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். ரொட்டிப் பாடம், உங்களுக்கு நினைவிருக்கும். ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி: ஒரு ரொட்டியை நான்கு சம துண்டாக வெட்டி மூன்றைத் தின்றால் மீதி எவ்வளவு? கால், அரை, முக்கால் என்று மூன்று பதில் கொடுத்திருப்போம்.

அதில் ஒரு மாணவர் மாட்டிக்கொண்டு நிற்கிறார். அவர் எண் 4417. பெயர் கேட்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்திருக்கிறார். பதின்மூன்று மாதமாக வருகிறார், இதுவரை அறுநூற்றுப் பதினொரு தடவை தப்பாகப் பதில் சொல்லியிருக்கிறார். இப்படி ஒரு மரமண்டையை இத்தனை வருட வேலையில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் விடாமல் வருகிறாரே, அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடலாம். பாடத்தை விட்டு வெளியேறும்போது 'எப்படி இருந்தது' என்று ஐந்து முகங்கள் காட்டுவோம், சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை. அவர் ஒவ்வொரு நாளும் நடு முகத்தையே தொடுகிறார், சிரிக்கவும் செய்யாத அழவும் செய்யாத முகம். நானாக இருந்தாலும் அதைத்தான் தொட்டிருப்பேன். கேள்வியில்தான் கோளாறு என்று மேலதிகாரிகளுக்கு எழுதிவிட்டேன். மாற்றிவிடுவேன்.

இன்னொன்று, தகவலுக்காக. அக்டோபர் முதல் தேதியிலிருந்து எல்லாப் பாடத்துக்கும் ஒரே இயந்திரக் குரல். தப்பாகப் பதில் சொன்னால் கேட்குமே நம் வாலுவின் குரல், எட்டு வயதில் அவள் பேசிக் கொடுத்தது, அதையும் அன்று எடுத்துவிடுவார்கள். அவள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது, இத்தனை நாள் விட்டுவைத்ததே பெரிது. சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
நான்

&nbsp;

ஆகஸ்ட் 27

அன்புள்ள உனக்கு,

கடிதம் வந்தது. மாத்திரை போடுகிறேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. ஊரில் உள்ள லிப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் வீட்டில் குழாய் சொட்டுகிறது என்றால் நீ சிரிப்பாய். அல்லது சிரிக்க மாட்டாய்.

போன வாரம் ஒரு துணிக்கடையில் ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒரே கூச்சல், கதவை உதைக்கிறார்கள். இந்த மாதிரி நேரத்தில் நாங்கள் முதலில் பெட்டியைத் திறந்து சாமானை எடுப்பதில்லை. கதவு இடுக்கில் வாயை வைத்து "நான் இங்கதான் இருக்கேன்" என்போம். லிப்ட் ஓர் அங்குலம் நகர்ந்திருக்காது, ஆனால் உதைப்பது நின்றுவிடும். அப்புறம் அரைமணி நேரமானாலும் பொறுமையாக இருப்பார்கள்.

நீ மேலே எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள். அந்தக் கேள்வியில் ஒரு கோளாறும் இல்லை. அந்த மரமண்டை நான்தான்.

வேலை முடிந்து வந்து கை கழுவிவிட்டு உட்காருவேன். 'முக்கால்' என்பதைத் தொடுவேன். "பரவாயில்ல. எனக்கும் மொதல்ல வரல. இன்னொரு தடவ பாரு" என்பாள். மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். ஒரு நாளைக்கு ஒன்று என்றுதான் கட்டுப்பாடு வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமைகளில் அது கெட்டுப்போகிறது.

அந்தக் குரலை எடுக்காமல் இருக்க முடியுமா? நீ கிளம்பியபோதுகூட உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. இதைக் கேட்கிறேன்.

நான்

&nbsp;

செப்டம்பர் 5

என்னங்க,

முடியாது. என் கையில் இல்லை. ஒரு பாடத்துக்கு மட்டும் விலக்குக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், எனக்கு அந்தக் காரணத்தை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து சொல்லத் தெம்பில்லை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுச் சாப்பிட்டேன், தூங்கினேன். காலையில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். மூன்று பதிலில் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட மூன்றில் ஒன்று சரியாக வந்துவிடும். அறுநூற்றுப் பதினொரு தடவையும் தப்பாகவே தொட வேண்டுமென்றால் சரியான பதில் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். இது எனக்கு உறைக்கவில்லை. இவ்வளவுக்கும் இதே ஏழாம் பக்கத்தில் முதலில் ஒரு அணில் வைத்திருந்தேன். தப்பாகச் சொன்னால் அது வயிற்றில் அடித்துக்கொண்டு அழும். பிள்ளைகள் அணில் அழுவதைப் பார்ப்பதற்கென்றே வேண்டுமென்றே தப்பாகச் சொன்னார்கள். மறுநாள் கேட்டால் அணிலைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார்கள், ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அணிலைத் தூக்கிவிட்டுத்தான் வாலுவைப் பேச வைத்தேன்.

இதனுடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அவள் சொல்லும் அந்த வரி அதில் இருக்கிறது. டிவியில் செருகினாலும் பாடும். எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம், தப்பாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

நான்

&nbsp;

செப்டம்பர் 12

அன்புள்ள உனக்கு,

பென் டிரைவைத் திருப்பி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ நல்லதுக்குத்தான் அனுப்பினாய்.

செருகிக் கேட்டேன். பொத்தானை அமுக்கினால் பேசுகிறாள், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன், ஏது செய்தேன் என்று அவளுக்குத் தெரியாது. பாடத்தில் அப்படி இல்லை. நான் ஒரு தப்பு செய்கிறேன், அதைப் பார்த்துவிட்டு அவள் "பரவாயில்ல" என்கிறாள். எனக்கு வேண்டியது குரல் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அன்று அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றுவலி என்று பன்னிரண்டு மணிக்கு அனுப்பிவைத்தார்கள். நான் வெந்நீர் கொடுத்துப் படுக்கவைத்தேன். ஏழு மணிக்கு நீ வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதற்குள் குடல்வால் வயிற்றுக்குள் வெடித்துவிட்டிருந்தது. "ஏன் இவ்ளோ நேரம் வீட்லயே வெச்சிருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "நான்தான் சார், சாயங்காலம் பாக்கலாம்னு இருந்துட்டேன்" என்றேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அந்த ஏழு மணி நேரத்துக்கு யாரும் எனக்குப் பரவாயில்லை என்று சொன்னதில்லை. சொல்லவும் முடியாது, எனக்குத் தெரியும். உன்மேல் குறையாக இதை எழுதவில்லை. அவள் ஒருத்திதான் சொல்கிறாள். அதுவும் அக்டோபர் முதல் தேதி வரைக்கும். அதற்கப்புறம் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குழாய் இன்னும் சொட்டுகிறது.

நான்

&nbsp;

செப்டம்பர் 24

என்னங்க,

ஒரு வாரத்துக்கு மேலாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கிழிக்கப் போவதில்லை.

நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வேண்டுமென்றே விட்டிருக்கிறீர்கள். அன்று பன்னிரண்டேகாலுக்கு நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். டாக்டரிடம் காட்டிவிடட்டுமா என்று கேட்டீர்கள். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இதே ஏழாம் பக்கத்துக்குச் சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காதில் அவள் "பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், மறு காதில் நீங்கள் அவளுக்கு வலிக்கிறது என்றீர்கள். நான் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது: "இன்னிக்குக் கணக்குப் பரீட்சை. அதான் வலிக்குது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்கன்னா அடுத்த பரீட்சைக்கும் வலிக்கும். நான் வந்து பாத்துக்கறேன்."

பிள்ளைகளின் பயம் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும் என்ற திமிர். நாளெல்லாம் அதை அளந்துதானே சம்பளம் வாங்குகிறேன். என் பிள்ளைக்கு வந்தது வலி என்று எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் நீங்கள் "நான்தான்" என்றபோது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அப்புறம் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் இங்கே வந்துவிட்டேன். நான் உங்களை மன்னிக்காமல் வந்துவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். நினைக்கட்டும் என்று விட்டேன், அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. நேற்று அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

அதனால் உங்களுக்குப் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை, கேட்க வேண்டியவள்.

ஒன்று மட்டும் என்னால் செய்ய முடியும். குரல் கொடுக்க வந்த அன்று ஒலிப்பதிவு அறையில் வாலு இரண்டு வரி பேசினாள். ஒன்று தப்பான பதிலுக்கு. அணில் சொல்லிக்கொடுத்த புத்தி எனக்கு இருந்தது: தப்புக்குக் கிடைப்பதைவிடச் சரிக்குக் கிடைப்பது ருசியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அதனால் நல்ல வரியைச் சரியான பதிலுக்குத்தான் வைத்தேன். நான் எழுதிக் கொடுத்ததுகூட இல்லை, அவளாகச் சொன்னது. பதின்மூன்று மாதத்தில் நீங்கள் அதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இது கைக்கு வரும்போது இரண்டு மூன்று நாளாவது மீதி இருக்கும். ஒரே ஒரு தடவை 'கால்' என்பதைத் தொடுங்கள். என்ன சொல்வாள் என்று நான் எழுத மாட்டேன்.

வாலுவின் அம்மா

&nbsp;

அக்டோபர் 2

அன்புள்ள வாலு அம்மாவுக்கு,

உன் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. அன்று தொடவில்லை. இருபத்தெட்டிலும் இருபத்தொன்பதிலும் தொடவில்லை. அது முடிந்துவிட்டால் அவளிடம் எனக்குப் புதிதாகக் கேட்க ஒன்றும் மீதி இருக்காதே என்றிருந்தது. அந்த மூன்று நாளும் தப்பாகக்கூடப் பதில் சொல்லவில்லை. குழாயைப் பிரித்துப் போட்டு வாஷர் மாற்றினேன்.

முப்பதாம் தேதி சாயங்காலம் தொட்டேன்.

"பாத்தியா, வந்துருச்சு. வா, அடுத்ததுக்குப் போலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அவள் சிரிப்புக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, "போதும்டி, நெஜமாவே பதிவாகுது" என்று நீ சொல்வது கேட்கிறது. நீயும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறாய். நீ சிரித்து எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்துபோயிருந்தது. அதை வெட்டாமல் விட்டிருக்கிறாய்.

உடனே எட்டாம் பக்கம் திறந்துகொண்டது. நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். அரையில் பாதி எவ்வளவு என்று ஏதோ கேட்டிருந்தார்கள், அது எனக்கு நிஜமாகவே வரவில்லை. வெளியே வரும்போது ஐந்து முகம் காட்டியது. கடைசி முகத்தைத் தொட்டேன். தொட்ட பிறகுதான் என் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்னவென்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. குழாய் என்று சொல்லி அனுப்பினேன்.

நேற்று போய்ப் பார்த்தேன். இயந்திரம்தான் பேசுகிறது, நல்ல உச்சரிப்பு. இனிமேல் போக மாட்டேன். 4417 என்ற எண்ணை நீ எடுத்துவிடலாம்.

போன் விஷயம். எனக்கு அது ஒரு நாளும் மறக்கவில்லை. டாக்டர் கேட்டபோது வாய் நுனி வரைக்கும் வந்தது. நீ அவளுடைய ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். ஒருத்தர் சுமந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். நான் முழுசாக எடுத்துக்கொண்டால் உனக்கு மிச்சமிருக்காது என்று ஒரு கணக்கு. நமக்கு இரண்டு பேருக்கும் முழுசாகவே இருந்திருக்கிறது. ரொட்டிக் கணக்கு இதற்குப் பொருந்தாது போலிருக்கிறது. இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், உன்னைத் தனியாக விட்டதும் நான்தான்.

பென் டிரைவை நீயே வைத்திரு. வரும்போது கொண்டு வா. எப்போது என்று கேட்கவில்லை. வீட்டுச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது.

நீ கேட்க வேண்டியவள் என்று எழுதியிருந்தாய். கேட்டுவிட்டதாகவே வைத்துக்கொள்கிறேன்.

பரவாயில்ல. எனக்கும் மொதல்ல வரல.

வாலுவின் அப்பா