கேரவன் கதவு

ஸ்கார்பரோ,
2 மார்ச் 2009

அன்புள்ள ஆல்டன்,

நீயும் வெர்னாவும் நலமா? எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் ஓடுகிறது. கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கு நீ பதில் போடவில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு உண்டு.

சக்கர வீடுகள் நிற்கும் விடுமுறை முகாமை வைத்து எடுத்தார்களே, அந்த நம் கேரவன் நகைச்சுவைத் தொடருக்கு ரசிகர்கள் இங்கே ஓட்டலில் விழா எடுக்கிறார்கள், முப்பத்தேழு வருஷம் கழித்து! தொலைக்காட்சியில் இனி போடமாட்டார்களாம், காலம் மாறிவிட்டதாம். நடித்தவர்களில் மிச்சம் நாம் இருவர்தான். முகாம் காவலாளியான நான், பார்படாஸ் தீவிலிருந்து வந்து தங்கியிருக்கும் கறுப்பனாக வரும் உன் கேரவன் கதவை வாராவாரம் தட்டி, "காட்டுக்கே திரும்பிப் போடா!" என்று கத்துவேனே, அதை மேடையில் செய்யச் சொல்கிறார்கள். தனியாக ஏறப் பயமாக இருக்கிறது. வருவாய்தானே?

உன் ரோலி

லீட்ஸ்,
9 மார்ச்

அன்பு ரோலி,

உன் கடிதத்தை மூன்று நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்தாலே எனக்குப் பிரிக்கத் தோன்றாது. இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

அப்போதெல்லாம் வியாழக்கிழமை தொடர் வரும். வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக் கதவை யார் யாரோ வந்து உதைப்பார்கள். அதே வசனம், உன்னைப் போலவே இழுத்து. வெர்னா குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறையில் தாழிட்டுக்கொள்வாள். ஒருநாள் கதவில் கடிதம் போடும் துளை வழியாக எரிகிற துணி வந்து விழுந்தது. தேநீருக்கு வைத்த தண்ணீரை ஊற்றி அணைத்தாள்.

ஒத்திகையில் உன்னிடம் சொன்னேன். "அட, அப்போ எல்லாரும் நம்மளப் பாக்குறாங்கன்னு அர்த்தம்டா!" என்று முதுகில் தட்டினாய். நானும் சிரித்தேன். வேலை போய்விடுமே என்ற பயம்.

நான் வரவில்லை. நீ போ, எதை வேண்டுமானாலும் பேசு. அந்த வசனத்தை மட்டும் சொல்லாதே. உன்னிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

ஆல்டன்

ஸ்கார்பரோ,
23 மார்ச்

ஆல்டன்,

அந்தத் துணி விஷயம் எனக்கு நினைவே இல்லை. மறந்துபோனதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது.

சொல்லமாட்டேன் என்று உறுதியாகத்தான் போனேன். இருநூறு பேர். எல்லோரும் நம் வயது, நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. "சொல்லு ரோலி, சொல்லு!" என்று தரையை உதைத்தார்கள். நான் வேறு கதை பேசினேன். முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். "இப்பல்லாம் எதைச் சொன்னாலும் தப்புங்குறானுங்க. நீயும் அவனுங்களுக்குப் பயந்துட்டியா?" சிரிப்பு நின்றுவிட்டது. இருநூறு முகங்களும் என்னையே பார்த்தன. ஆல்டன், அந்தப் பார்வை! பயந்துவிட்டேன்.

சொல்லிவிட்டேன். பழையபடியே, இழுத்து. எழுந்து நின்று கைதட்டினார்கள். வெளியே வந்து கடற்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறர் சொல்லி நீ கேள்விப்படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். திட்டியாவது நாலு வரி எழுது.

ரோலி

லீட்ஸ்,
2 ஏப்ரல்

திரு. ரோலி ஹெப்வொர்த் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பயத்தில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். நான் அன்று சிரித்ததும் பயத்தில்தான். ஆனால் என் பயத்தால் உங்கள் வீட்டுக் கதவை யாரும் வந்து உதைக்கவில்லை.

"பாவம், தனியா கெடக்காரு. ஒழுங்கா சாப்பிடுறாரான்னு கேளுங்க" என்கிறாள் வெர்னா. அவள் சொன்னதால் கேட்கிறேன். பதிலை அவள் பெயருக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆல்டன் கிரீவ்ஸ்