பெட்டியை நிறுத்தச் சொன்ன பரீட்சை

நண்பனே,

மருமகன் புதுக் கணினி ஒன்று வாங்கி வந்தான். அட்டைப்பெட்டியைத் திறந்ததும் ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கையும் புதுப் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த அந்த மணம் வந்தது. கனடாவிலிருந்து உன் அக்கா அனுப்பிய, கம்ப்யூட்டரோடு சேர்க்கும் பேசும் பெட்டியைக் குருநகரில் உங்கள் வீட்டில் திறந்தபோது வந்த அதே மணம். கையை அதன்மேல் வைத்துத் தடவிப் பார்த்தேன்.

இரண்டு விசைகளை அழுத்தியதும் கணினி தமிழில் பேசியது. தனியாக எதையும் கொண்டுவந்து பூட்டத் தேவையில்லை, குரல் அதற்குள்ளேயே இருக்கிறது. "பாத்தியளே மாமா, என்ன முன்னேற்றம்!" என்றான் மருமகன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவுதான் வேலை என்றால், அன்றைக்கு இதை ஏன் உனக்கு ஒருவரும் தரவில்லை?

பார்வையில்லாத நாம் இருவரும் விடுதிப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். தட்டச்சில் உன்னை வெல்ல ஆளில்லை. எண்பத்தொன்பதில் நல்லூரில் ஒரு ரியூட்டரியில் கம்ப்யூட்டர் வகுப்புத் தொடங்கியபோது, என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். கட்டளைகளைத் தடித்த மட்டைகளில் பிரெயிலில் குத்திவைத்துப் பாடமாக்கினோம். ஆனால் ஒன்றை அடித்தபின் கம்ப்யூட்டர் என்ன பதில் சொன்னது என்பதை அறிய, திரையை வாசித்துச் சொல்ல ஒருவர் பக்கத்தில் வேண்டும். "படம் ஓடேக்கை தியேட்டருக்கு வெளியில நிண்டு கதை கேக்கிற மாதிரி" என்று சினப்பாய்.

பெட்டி வந்தபிறகு உன் நடையே மாறிவிட்டது. கம்ப்யூட்டரின் பின்புறம் அதைப் பூட்டி, அதற்குரிய புரோகிராமை முதலில் போட்டுவிட்டால், திரையில் வருவதையெல்லாம் அது வாசிக்கும். ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ஆங்கில எழுத்தில் அடித்த உன் பெயரை அது வாசித்ததைக் கேட்டு, "உவன் வெள்ளைக்காரன், எங்கடை பேரைச் சப்பித் துப்புறான்" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனாலும் நீ அடித்த பிழையை ஒருவரையும் கேட்காமல் நீயே கண்டுபிடித்துத் திருத்தியது அன்றைக்குத்தான்.

பிறகு பட்டணத்தில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் கடிதம் அடிக்க ஆள் எடுத்தார்கள். அந்த வேலை கிடைத்தால் அம்மாவை மீன் சந்தைக்கு அனுப்பமாட்டேன் என்றாய். பெட்டியைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த ஒருவர் ஓட்டிய சைக்கிளின் பின்னால் இருந்து போனாய். நானும் வந்து கதவோரம் வாங்கில் இருந்தேன். நீ புரோகிராமைப் போட்டதும் பெட்டி பேசத் தொடங்கியது. பரீட்சை வைத்த அதிகாரிகள் இருவரும் திடுக்கிட்டுப் போனார்கள்.

"உது சொல்லிக்குடுக்க நீர் அடிப்பீர். அது சரிவராது."

"இல்லை ஐயா, நான் அடிச்சதைத்தான் உது திருப்பி வாசிக்குது."

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பெட்டியை நிப்பாட்டிப்போட்டு அடியும்."

நிறுத்தினாய். அவர்கள் சொல்லச் சொல்ல, கடிதம் முழுவதையும் உன் வழக்கமான வேகத்தில் அடித்து முடித்தாய். உன் விரல் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. முடிந்ததும் அவர்களில் மூத்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு எழுத்தும் விழேல்லை, தம்பி. அது வேறை ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டெல்லோ நிண்டது."

அதாவது, பழைய கடிதத்தை அழிக்கவா வேண்டாமா என்று திரையில் கேள்வி நின்றிருக்கிறது. அதற்குப் பதில் கொடுக்கும்வரை கம்ப்யூட்டர் வேறொன்றையும் ஏற்காது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே, நீ அடித்து முடிக்கும்வரை உனக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்! படித்த மனிதர்கள்.

நீ கத்தவில்லை. "மற்ற ஆக்களைத் திரையை நிப்பாட்டிப்போட்டோ ஐயா அடிக்க விட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டாய். "அடுத்த ஆள்" என்று கூப்பிட்டார்கள்.

தொண்ணூறில் போர் மூண்டு மின்சாரமே இல்லாமல் போனது. உன் பெட்டி வாய் மூடிக் கிடந்தது. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத் தரையில் காய்ச்சலோடு கிடந்தாய். மருந்து இல்லை. அப்போதும், "உவங்கள் எனக்கு மறுமொழி சொல்லேல்லை, மச்சான்" என்றாய். இரண்டாம் நாள் உன் உயிர் போய்விட்டது.

இப்போது இங்கே ஒரு அலுவலகம், விண்ணப்பங்களை இனிக் கணினியிலேயே அனுப்பலாம் என்று ஒரு இணையப்பக்கத்தைச் செய்திருக்கிறது. பார்வையற்றோருக்கும் உகந்தது என்று அறிவிக்க ஆசைப்பட்டு, பரிசோதிக்க நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். கணினியின் குரல் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றே வாசித்துக்கொண்டு போனது. எந்தப் பொத்தான் எதற்கு என்று ஒருவரும் பெயர் வைக்கவில்லை. சொன்னேன்.

"வீட்டில ஆரும் பாத்துச் செய்து தருவினம் தானே, ஐயா?" என்றாள் அங்கிருந்த அதிகாரிப் பிள்ளை. நல்ல பிள்ளைதான், குரலில் ஒரு கெடுதியும் இல்லை. அதுதான் என்னை இன்னும் சுட்டது.

"உங்கடை விண்ணப்பத்தை ஆர் பிள்ளை பாத்துச் செய்து தாறது?" என்று கேட்டேன். நான் எழும்பவில்லை. மறுமொழி வரும்வரை கதிரையிலேயே இருந்தேன். கடைசியில், "ஒருத்தரும் இல்லை ஐயா, நானேதான்" என்றாள் மெதுவாக.

ஊரில் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். உன் கோபத்தை நான் சுமந்து திரிவது அவர்களுக்குத் தெரியாது. திங்கட்கிழமை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். போவேன். திருத்தாவிட்டால் செவ்வாய்க்கிழமையும் போய் அந்தக் கதிரையில் இருப்பேன்.