மத்தியானத்தில் வருகிறவர்

புதுச்சேரி
8.2.1981

அன்புள்ள ஸ்டெல்லா,

நலம். குவைத்தில் உன் நலம் அறிய ஆவல். நேற்று மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வெளுத்துச் சூம்பிப்போய், என் கால் மாதிரியே இல்லை. எலும்பு கூடிவிட்டதாம், முழங்கால்தான் மடங்க மாட்டேன் என்கிறது. அடுத்த சீசனுக்குள் தேறாவிட்டால் கம்பெனி கால்பந்து அணியில் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக பெங்களூரிலிருந்து மேனேஜர் எழுதிவிட்டார். பந்தை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும், சொல்.

விழுந்ததையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று மைதானத்தில் என் பக்கத்தில் ஒருவருமில்லை. ஓடுகிறவனின் கணுக்காலை யாரோ இறுகப் பிடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் தெரியும்.

உன் அப்பா இறந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு, ஆனாலும் சௌகரியமாகவே இருக்கிறது. தனியாக இருக்கிறேனே என்று கவலைப்படாதே. அக்கம்பக்கத்துப் பெரியவர் ஒருவர் மத்தியான வேளையில் வந்து காலை நீவிவிடுகிறார். வேளைக்குச் சாப்பிடு.

உன்
அரிகிருஷ்ணன்


குவைத்
24.2.1981

இயேசு மரி சூசை

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நர்ஸ் என்பதே உங்களுக்கு மறந்துபோயிற்றா? இப்போதுதான் கூடிய எலும்பைக் கண்டவர் கையில் கொடுப்பார்களா? ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சி போதும்.

எந்தப் பெரியவர்? நம் வீட்டுக்கு ஒரு பக்கம் கிடங்கு, மறுபக்கம் செல்வாம்பாள் அக்கா தனியாக இருக்கிறார். நான் பிறந்து வளர்ந்த தெரு அது. அப்படி ஒருவரும் அங்கே கிடையாது. விவரமாக எழுதுங்கள்.

இங்கே வார்டு பளபளவென்று இருக்கிறது, பேசத்தான் ஆளில்லை. உங்கள் கால் ஒடியாமல் இருந்திருந்தால் நான் ஏன் இங்கே வரப்போகிறேன்?

ஸ்டெல்லாமேரி


புதுச்சேரி
13.3.1981

அன்புள்ள ஸ்டெல்லா,

கோபப்படாதே. முழங்கால் மடங்குகிறது! டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

பெரியவர் பின்கட்டு வழியாக வருவார். கிணற்றடியில் கால் கழுவும் சத்தம் கேட்கும். ஆனால் தரையில் ஈரம் இருக்காது. கற்பூர எண்ணெய் வாசனை. வலது சுண்டுவிரலில் பாதி இல்லை. காலைப் பிடித்துக்கொண்டு "அலே, அலே" என்பார், குதிரையை ஓட்டுகிற மாதிரி. காபி கொடுத்தால் தொடுவதில்லை. எண்ணெயை வழித்துவிட்டுப் போகும்போது தினமும் ஒரே கேள்வி.

"பாப்பா எப்ப வருது?"

உன்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் போலிருக்கிறது. பெயர் கேட்டால் சிரிக்கிறார். ஒருநாள், "இந்த வைத்தியம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன். "ஒடிச்சவனுக்குக் கட்டத் தெரியாதாடா?" என்றார். வேடிக்கையான மனிதர்.

உன்
அரி


குவைத்
30.3.1981

அத்தான்,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

நீங்கள் என் அப்பாவைப் பார்த்ததில்லை. அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இந்தோசீனாவில் போனது அந்த விரல். 'அலே' என்றால் பிரெஞ்சில் 'போ, நட'. பட்டாளத்து ஆஸ்பத்திரியில்தான் எலும்பு கட்டப் பழகினார்.

பெங்களூரில் நாம் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும் அவருக்கு எழுதினேன். "அவன் கால ஒடிக்காம கண்ண மூட மாட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்தினாராம். எந்தத் தகப்பன்தான் அப்படிக் கத்தவில்லை என்று விட்டுவிட்டேன். அந்த வருஷமே போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகுதான் எனக்குச் செய்தியே வந்தது.

கதவைத் தாழ் போடுங்கள். இன்றைக்கே காலாப்பட்டில் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய்விடுங்கள்.

ஸ்டெல்லா


புதுச்சேரி
2.5.1981

அன்புள்ள ஸ்டெல்லா,

நீ சொன்னபடி காலாப்பட்டுக்குப் போனேன். அங்கே போன ஒரே வாரத்தில் முழங்கால் மரமாகிவிட்டது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார். வேறு வழி தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். திட்டாதே.

மத்தியானம் வந்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. கேட்டே விட்டேன்.

"ஏன் மாமா ஒடிச்சீங்க?"

எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "நீ ஆட முடியாம போனா அது வீட்டுக்கு வந்துடும்னு பாத்தேன். கடல் தாண்டிப் போயிடுச்சே."

அழுதார், ஸ்டெல்லா. அந்த வயதில் ஒரு மனிதர் அழுதால் பயம் எங்கே நிற்கும்? டிசம்பரில் லீவில் வருவாய் என்று சொல்லிவிட்டேன். அன்றே கால் மடங்கியது.

அரி


பெங்களூர்
20.10.1981

அன்புள்ள ஸ்டெல்லா,

நேற்று ஆடினேன். கடைசி விசில் வரை ஆடினேன். புதுப் பையன்களோடு ஓடி, வியர்வை வாயில் கரிக்க நின்றபோது அழுகை வந்துவிட்டது. கால் வலிக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டிலிருந்து கிளம்பிய அன்று கதவைப் பூட்டிச் சாவியைச் செல்வாம்பாள் அக்காவிடம் கொடுக்கப் போனேன். பூட்டிய வீட்டுக்குள் பெருக்கும் சத்தம் கேட்டது. உன் அறைப் பக்கம்.

நீ டிசம்பரில் வருவாய் என்று அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. நேரே பெங்களூருக்கு வா. புதுச்சேரிக்குப் போகாதே.

அரி


புதுச்சேரி
29.12.1981

இயேசு மரி சூசை

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் ஆடியதைப் படித்தபோது டியூட்டி அறையிலேயே கத்திவிட்டேன். இனி உங்கள் காலுக்கு ஒன்றும் வராது. அது எனக்குத் தெரியும்.

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை, மன்னியுங்கள். கல்லறையில் பூ வைத்துவிட்டு அன்றைக்கே ரயிலேறலாம் என்றுதான் இங்கே இறங்கினேன். வீடு சுத்தமாக இருந்தது. என் கட்டிலில் புது விரிப்பு.

மறுநாள் பெட்டியோடு வாசற்படி இறங்கினேன். காய்ந்த படி. பக்கத்தில் யாருமில்லை. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

பயப்படாதீர்கள். கட்டு நேர்த்தியாகப் போட்டிருக்கிறது. நர்ஸ் நான் சொல்கிறேன், நம்புங்கள். வலியும் இல்லை. தலைமாட்டில் கஞ்சி வைத்திருக்கிறது. மத்தியானத்தில் மட்டும் இல்லை, இப்போதெல்லாம் எந்நேரமும் இங்கேதான் இருக்கிறார். குவைத் வேலையை விட்டுவிடுவதாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். உங்களுக்கும் எழுதச் சொன்னார்.

சீசனைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாக ஆடுங்கள். என்னைப் பார்க்க வர வேண்டாம். வந்தாலும் கதவைத் திறக்க என்னால் எழுந்து வர முடியாது. அப்பா திறக்க மாட்டார்.

ஸ்டெல்லாமேரி