உன் நிறமும் என் ஆரத்தித் தட்டும்

அன்புக்கும் என் வயிற்றெரிச்சலுக்கும் உரிய அக்கா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. உன் பவுடர் டப்பாவில் மிச்சமிருந்ததை எல்லாம் நேற்று நானே பூசிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் சாம்பல் பூத்த அடுப்புக்கரி. அப்படியேதான் வெளியே போனேன்.

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. உன்மேல் பொறாமை மட்டும் போகவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து உனக்குத் தேங்காய்ப்பூ நிறம், எனக்கு இது. அம்மாவைக் கேட்டால், "ஒன்னய எறக்க மறந்துட்டேன்டி, அடுப்புலயே இருந்துட்ட" என்பாள். பிரிஞ்சாங் டவுன் மாமாக் சாப்பாட்டுக்கடையில் இப்போது கலர் டிவி வந்துவிட்டது. அதிலும் உன் நிறத்துக்காரிகள்தான் சிரிக்கிறார்கள்.

காலைப் பெரட்டில், கங்காணி ஆள் எண்ணும்போது, இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றோம். துரைசாணி வந்து பார்த்து உன்னை மட்டும் பங்களா வேலைக்குக் கூட்டிப்போனாள். நீ என்னைவிட நன்றாகச் சமைப்பாயா? சுடுதண்ணி வைத்தாலே தீய்ந்துபோகுமே உனக்கு. நீ கணப்புப் பக்கத்தில் நின்றாய். நான் மழையில், அட்டைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறித்தேன்.

ஒருநாள் நீ சொன்னாய்: "அங்க நான் வெள்ளை இல்லடி. விருந்துக்கு வந்த ஒருத்தி என் கைய அவ கையோட வச்சுப் பாத்து, எவ்வளவு கருப்புன்னு சிரிச்சா." நான் நம்பவில்லை. என்னைச் சமாதானப்படுத்தக் கதை விடுகிறாய் என்று நினைத்தேன். நம் ஆட்களில் கொஞ்சம் வெளுத்தவளைச் சிவப்பு என்கிறோம். வெயில் பட்டால் இறாலாகச் சிவக்கிற துரையை வெள்ளை என்கிறோம். இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்?

சரி, சங்கதிக்கு வருகிறேன். வெள்ளைக்காரத் துரை சீமைக்கே போய்விட்டார். புதுத் துரை வருகிறார், பெயர் டேவிட் என்றார்கள். துரை வந்தால் ஆரத்தி எடுப்பது எப்போதும் நீதானே. இந்தத் தடவை கங்காணி என் வாசலில் வந்து நின்றார்.

"ஒங்கக்காதான் இல்லையே. நீ தட்டைத் தூக்கு."

"என் மூஞ்சியப் பாத்து துரை பயந்துட மாட்டாராண்ணே?"

"பங்களாவுக்கு ஆளு வேணுமாம். ஒழுங்கா செஞ்சா ஒனக்குத்தான் கெடைக்கும் லா. வாய மட்டும் மூடிக்க."

என் முழங்கால் போய்விட்டது, அக்கா. இனி மலை ஏற முடியாது. அந்த வேலை எனக்கு வேண்டும்.

கார் வந்தது. முன்கதவைத் திறந்து ஒருவர் இறங்கினார். வெள்ளைவெளேர் என்று, பூனைக்கண்ணோடு. ஓடிப்போய் மூன்று சுற்று சுற்றி நெற்றியில் பொட்டு வைத்தேன். அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"அது டிரைவருடி," என்று கங்காணி பல்லைக் கடித்தார். பாதி வெள்ளைக்காரராம், ஈப்போச் செரானி.

துரைசாணியை எத்தனை வருஷம் திட்டியிருப்பேன். என் கண்ணும் தோலைப் பார்த்துத்தானே ஓடியது?

இதற்குள் வழக்கம்போல ஆரத்தித் தண்ணீரைக் காருக்கு அந்தப் பக்கம் வீசிவிட்டேன். அங்கே பின்கதவு திறந்து ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். நம் தமிழாள். என்னைவிட ஒரு படி கருப்பு. அரைக்கால் சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. இரண்டில் ஒன்று மட்டும் இப்போது வெள்ளை.

"எனக்கு மிச்சம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க தொரை. எல்லாம் ஒங்க கால்லதான் இருக்கு."

இன்று காலை கங்காணி வந்தார். துரை என்னைப் பங்களாவுக்கு வரச் சொன்னாராம், காலுறை துவைக்க. கறை போகிறவரை தினமும் வரவேண்டுமாம். மஞ்சள் கறை வெயிலில்தான் போகும். நான் நிழலில்தான் காயப்போடுவேன், இது உனக்கு நான் செய்து தரும் சத்தியம்.

இன்னும் பொறாமை தீராத,
உன் தங்கச்சி பாக்கியம்